நம்பிக்கைக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

1884ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து மே மாதம் வரை, அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவில் சார்ஜண்டாக இருந்த ஜான் ஃபின்லி, ராக்கி மலைகளுக்குக் கிழக்கே உள்ள நிலப்பரப்பைப் பல வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 'டொர்னேடோ (சுழற்காற்று) வரும்' அல்லது 'வராது' என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு வந்தார். மொத்தம் 2803 கணிப்புகள். வரும் என்று அவர் எழுதிய 100 தடவைகளில் 28 தடவை வந்தது. வராது என்று எழுதிய 2703 தடவைகளில் 23 தடவை வந்துவிட்டது. பலித்தவற்றைக் கூட்டினால் 2708, அதாவது 96.6 விழுக்காடு. கேட்பவர் எவரும் மெச்சிக்கொள்ளக்கூடிய எண்தான். ஆனால் ஜி. கே. கில்பர்ட் என்ற நிலவியலாளர் அதே ஆண்டில் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டினார். வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்காமல் எல்லா நாளும் எல்லா வட்டாரத்துக்கும் 'வராது' என்றே ஒருவர் எழுதிவைத்திருந்தால் 2752 கணிப்புகள் பலித்திருக்கும், அது 98.2 விழுக்காடு. ஒன்றுமே தெரியாதவர், மாதக்கணக்கில் உழைத்தவரை முந்திவிடுகிறார்.

இந்தக் கணக்கில் தலையிட்டவர்களில் ஒருவர் தத்துவவாதி என்பது பலருக்குத் தெரியாது. தர்க்கவியலாளர் சார்ல்ஸ் சாண்டர்ஸ் பெர்ஸ் அதே 1884இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார். டொர்னேடோ உண்மையில் வந்த 51 தடவைகளில் எத்தனை தடவை எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது, வராத 2752 தடவைகளில் எத்தனை தடவை வீணாக எச்சரிக்கப்பட்டது என்று இரண்டு விகிதங்களைக் கண்டு, முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கச் சொன்னார். ஃபின்லிக்கு 54.9 விழுக்காட்டிலிருந்து 2.6ஐக் கழிக்க ஏறத்தாழ 52 வருகிறது. எப்போதும் 'வராது' என்பவருக்குச் சுழியம் வருகிறது. மனத்துக்கு இது நியாயமாகப் படுகிறது. ஆனால் நியாயமாகப் படுகிற விடை வரும்வரை அளவுகோலை மாற்றிக்கொண்டே போகலாமா என்ற கேள்வியும் இங்கேயே பிறந்துவிடுகிறது. எதை அறிவு எனலாம், எதை எவ்வளவு நம்பலாம் என்று ஆராயும் அறிவாய்வியலில் நம்பிக்கையின் அளவுகளைப் பற்றி நடக்கும் விவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1884தான் நினைவுக்கு வரும். விவாதத்தில் உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தப் பழைய கணக்கில் கரு நிலையில் இருக்கின்றன.

ஃபின்லியின் கணிப்புகளில் 'வரும்', 'வராது' என்ற இரண்டே சொற்கள் இருந்தன. நம் மனத்தில் இருப்பது அப்படி இரண்டே நிலைகள் அல்ல. நாளை மழை வரும் என்பதில் எனக்கு ஓரளவு உறுதி இருக்கிறது. நாளை சூரியன் உதிக்கும் என்பதில் அதைவிட மிகக் கூடுதலான உறுதி இருக்கிறது. இந்த உறுதியைச் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் குறிக்கலாம் என்று வைத்துக்கொண்டால், அந்த எண் சரியா தவறா என்று கேட்பதில் பொருளில்லாமல் போகிறது. 0.7 என்ற நம்பிக்கை மழை பெய்தால் 'சரி' ஆகிவிடுவதும் இல்லை, பெய்யாவிட்டால் 'தவறு' ஆகிவிடுவதும் இல்லை. உண்மைக்கு அருகில் இருந்ததா, தொலைவில் இருந்ததா என்று மட்டும்தான் கேட்க முடியும். அருகும் தொலைவும் என்று வந்தவுடன் அளக்க ஒரு கோல் வேண்டும்.

அந்தக் கோலை முதலில் செம்மையாகச் செய்துகொடுத்தவர்கள் வானிலைக்காரர்கள். அமெரிக்க வானிலைத் துறையில் பணியாற்றிய கிளென் பிரையர், 1950 ஜனவரியில் 'மன்த்லி வெதர் ரிவ்யூ' இதழில் மிகச் சிறிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மழை பெய்தால் உண்மையின் மதிப்பு 1, பெய்யாவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பாளர் சொன்ன எண்ணுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்துங்கள். அதுதான் அவருக்கு விழும் தண்டம். 0.8 என்று சொல்லி மழை பெய்துவிட்டால் தண்டம் 0.04, பெய்யாமல் போனால் 0.64. நாள்தோறும் இப்படிக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் யாருக்குத் தண்டம் குறைவோ அவரே துல்லியமானவர். பிரையருக்கு இருந்த கவலை நடைமுறை சார்ந்தது. மதிப்பெண் போடும் முறையே கணிப்பாளரைக் கெடுத்துவிடக் கூடாது, மனத்தில் உள்ளதை விட்டுவிட்டு மதிப்பெண்ணுக்கு ஏற்றபடி எண்ணைத் திருத்திச் சொல்லும் ஆசையை அவருக்கு ஊட்டக் கூடாது என்று அவர் நினைத்தார். இந்தக் கவலை பின்னால் தத்துவத்துக்கு எவ்வளவு பெரிய முதலாக ஆகப்போகிறது என்பதை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

தத்துவவாதிகள் வேறொரு வாசல் வழியாக இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய கேள்வி இதுதான்: நம்பிக்கையின் அளவுகள் நிகழ்தகவின் விதிகளுக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? மழை பெய்யும் என்பதில் 0.6, பெய்யாது என்பதில் 0.6 என்று ஒருவர் நம்பினால் இரண்டும் சேர்ந்து ஒன்றைத் தாண்டிவிடுகிறது. அதில் என்ன குற்றம்? ஃபிராங்க் ராம்சே 1926இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த விடை பந்தயத்தைச் சார்ந்தது. மழை பெய்தால் 100 ரூபாய் கொடுக்கும் சீட்டுக்கு இவர் 60 ரூபாய் தரத் தயாராக இருப்பார். பெய்யாவிட்டால் 100 ரூபாய் கொடுக்கும் சீட்டுக்கும் 60 தருவார். இரண்டையும் அவர் தலையில் கட்டிவிட்டால் 120 ரூபாய் கொடுத்து 100 ரூபாய் பெறுவார். வானம் எப்படி இருந்தாலும் 20 ரூபாய் போய்விடும்.

கெட்டிக்கார விடைதான். ஆனால் இது என்னை முழுதாகத் திருப்திப்படுத்தியதில்லை. பந்தயமே கட்டாதவரை இந்த வாதம் தொடுவதில்லை என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, நம்பிக்கையில் உள்ள கோளாறைப் பணப்பையில் ஏற்படும் ஓட்டையாக மாற்றிக் காட்டுவது. எனக்குத் தெரிய வேண்டியது அந்த நம்பிக்கை நம்பிக்கை என்ற அளவில் எங்கே பிசகுகிறது என்பது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தத்துவவாதி ஜேம்ஸ் ஜாய்ஸ் 1998இல் எழுதிய கட்டுரை இந்தக் குறையைத் தீர்க்கவே வந்தது. அவருடைய விடையில் காசுக்கு இடமில்லை: நிகழ்தகவு விதிகளை மீறும் எந்த நம்பிக்கைத் தொகுப்பை எடுத்துக்கொண்டாலும், உலகம் எப்படி அமைந்தாலும் அதைவிட உண்மைக்கு நெருக்கமாக இருக்கும் வேறொரு தொகுப்பு உண்டு, விதிகளுக்கு உட்பட்ட தொகுப்பை இப்படி எதுவும் முந்த முடியாது. தேற்றத்தின் கரு இத்தாலியக் கணிதவியலாளர் புரூனோ தெ ஃபினெட்டியிடமே இருக்கிறது. அவர் அதை வர்க்கத் தண்டத்தைக் கொண்டு காட்டியிருந்தார். அதை உண்மையைப் பற்றிய வாதமாக ஆக்கியது ஜாய்ஸின் பங்கு.

இதன் நிரூபணத்தைப் பத்தாம் வகுப்புக் கணிதம் தெரிந்தவர் ஒரு தாளில் வரைந்து பார்த்துவிடலாம். ஒரு சதுரம் வரையுங்கள். கிடைமட்ட அச்சில் 'மழை பெய்யும்' என்பதில் உள்ள நம்பிக்கை, செங்குத்து அச்சில் 'பெய்யாது' என்பதில் உள்ள நம்பிக்கை. மழை பெய்த உலகம் வலது கீழ் முனையில் இருக்கிறது, ஏனெனில் அங்கே முதல் கூற்றின் மதிப்பு 1, இரண்டாவதன் மதிப்பு 0. பெய்யாத உலகம் இடது மேல் முனையில் இருக்கிறது. இந்த இரண்டு முனைகளையும் சேர்க்கும் மூலைவிட்டத்தில்தான் இரு எண்களும் கூடி ஒன்றாகும் புள்ளிகள் எல்லாம் இருக்கின்றன. நம் 0.6, 0.6 நண்பர் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறார். அவர் நிற்கும் புள்ளியிலிருந்து மூலைவிட்டத்தைச் செங்கோணத்தில் தொடும்படி ஒரு கோடு இறக்கினால் அது 0.5, 0.5இல் வந்து தொடும். இப்போது நண்பரின் புள்ளி, கோடு தொட்ட புள்ளி, மழை பெய்த முனை ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். நண்பரிடமிருந்து முனைக்கு உள்ள தொலைவு அதன் கர்ணம். தொட்ட புள்ளியிலிருந்து முனைக்கு உள்ள தொலைவு ஒரு பக்கம். கர்ணம் எப்போதும் நீளமானது. மறுபுறத்து முனைக்கும் அப்படியே. எண்களைக் கொண்டு சரிபார்த்தால், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நண்பருக்கு 0.16உம் 0.36உம் சேர்ந்து 0.52 தண்டம்; 0.5, 0.5 என்று நம்பியவருக்கு 0.50. வானத்தைப் பற்றி எந்தப் புதுச் செய்தியும் இல்லாமலே, இருந்த இடத்தில் உட்கார்ந்தபடி நண்பர் உண்மையை நெருங்கியிருக்கலாம். மூலைவிட்டத்தின் மேல் ஏற்கெனவே நிற்பவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் ஒரு முனையை நெருங்க நகர்ந்தால் மற்ற முனையை விட்டு விலகித்தான் ஆக வேண்டும்.

முதன்முதலில் இதைப் பார்த்தபோது பைதாகரசின் தேற்றம் அறிவாய்வியலில் வந்து நிற்கிறதே என்று வியந்தேன். பிறகுதான் உறுத்தியது. தொலைவை வர்க்கத்தால் அளந்ததால் அல்லவா பைதாகரஸ் உள்ளே வந்தார்? எதற்கு வர்க்கம்? 0.6 என்ற நம்பிக்கைக்கும் 1 என்ற உண்மைக்கும் நடுவே உள்ள தொலைவு 0.4 என்று நேராகக் கழித்துச் சொல்வதுதானே யாருக்கும் முதலில் தோன்றுவது? அப்படி நேர்த் தொலைவால் அளந்தால் 0.6, 0.6 நண்பருக்கு 0.4உம் 0.6உம் சேர்ந்து 1 வருகிறது. 0.5, 0.5 என்று நம்பியவருக்கும் 1 வருகிறது. முந்துவாரும் இல்லை, பிந்துவாரும் இல்லை. தேற்றம் ஆவியாகிவிடுகிறது.

இரண்டு கூற்றுகளோடு நிற்காமல் மூன்றுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். ஒரு குலுக்கலில் மூன்றே சீட்டுகள், மூன்றும் சம வாய்ப்புள்ளவை, கட்டாயம் ஒன்றுக்குப் பரிசு விழும் என்று வைத்துக்கொள்வோம். அறிவுள்ளவர் ஒவ்வொரு சீட்டுக்கும் மூன்றில் ஒரு பங்கு நம்பிக்கை கொடுப்பார். பரிசு எந்தச் சீட்டுக்கு விழுந்தாலும் அந்தச் சீட்டில் அவர் மூன்றில் இரண்டு பங்கு விலகியிருப்பார், மற்ற இரண்டில் மூன்றில் ஒரு பங்கு வீதம் விலகியிருப்பார். நேர்த் தொலைவுகளின் கூட்டுத்தொகை மூன்றில் நான்கு. இன்னொருவர் மூன்று சீட்டுக்கும் சுழியம் கொடுக்கிறார். ஒன்றுக்குப் பரிசு உறுதி என்று தெரிந்தும், முதலாவதற்கு விழாது, இரண்டாவதற்கும் விழாது, மூன்றாவதற்கும் விழவே விழாது என்று சாதிக்கிறார். அவருக்கு வரும் தொலைவு 1 மட்டுமே. பரிசு எதற்கு விழுந்தாலும் இதே கதைதான். நேர்த் தொலைவை நம்பினால், தனக்குத் தெரிந்ததையே மறுக்கும் இந்த மனிதர்தான் எல்லா உலகங்களிலும் உண்மைக்கு நெருக்கமானவர் என்று சொல்ல வேண்டிவரும். வர்க்கத்தால் அளந்தாலோ அறிவுள்ளவருக்கு மூன்றில் இரண்டு பங்கும் மற்றவருக்கு 1உம் வந்து கணக்கு நேராகிவிடுகிறது.

ஆகவே நேர்த் தொலைவு தகுதியற்றது என்று சொல்லிவிடலாமா? ஜாய்ஸின் விமர்சகர்கள் இந்த இடத்தில்தான் பிடித்துக்கொண்டார்கள். 1998 கட்டுரையில் அவர் துல்லியத்தை அளக்கும் கோலுக்குச் சில நிபந்தனைகள் விதித்திருந்தார். அந்த நிபந்தனைகள் நேர்த் தொலைவை வெளியே தள்ளிவிடுகின்றன. ஆனால் அவற்றை ஏன் ஏற்க வேண்டும் என்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் போதவில்லை என்று பேட்ரிக் மேஹர் 2002இல் எழுதினார். நிகழ்தகவு விதிகளை நியாயப்படுத்த ஒரு கோலைத் தேர்ந்துகொண்டு, அந்தக் கோலைத் தேர்ந்ததற்குக் காரணம் கேட்டால் அது நிகழ்தகவு விதிகளுக்கு இணக்கமானது என்று சொன்னால் வாதம் வட்டமாகிவிடும்.

இந்த வட்டத்தை விட்டு வெளியேற உதவுவது பிரையரின் பழைய கவலைதான். ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தலை விழும் வாய்ப்பு சரியாக 0.7 என்று உங்களுக்கு ஐயமற உறுதியாகியிருக்கிறது. வேறெதுவும் தெரியாத நிலையில் தலை விழும் என்பதில் உங்கள் நம்பிக்கை 0.7ஆக இருக்க வேண்டும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: 0.7ஐ வைத்துக்கொண்டால் எதிர்பார்க்கத்தக்க தண்டம், அதாவது வாய்ப்புகளின்படி எடையிட்ட சராசரித் தண்டம், எவ்வளவு? நேர்த் தொலைவில் அது 0.42. அதே கோலில் 1 என்று வைத்துக்கொண்டால் எதிர்பார்க்கத்தக்க தண்டம் 0.3 மட்டுமே. ஆக, சான்று காட்டிய எண்ணில் நிற்பவரைப் பார்த்து 'உறுதியாகத் தலைதான் என்று நம்பிவிடு, உண்மைக்கு இன்னும் பக்கத்தில் போவாய்' என்று அந்தக் கோல் ஆசை காட்டுகிறது. வர்க்கத் தண்டத்தில் 0.7க்கு எதிர்பார்க்கத்தக்கது 0.21, 0.5க்கு 0.25, 1க்கு 0.30. எந்த எண்ணை எடுத்துப் பார்த்தாலும் 0.7ஐவிடக் குறைவான தண்டம் கிடைக்காது. நிகழ்தகவு விதிகளுக்கு உட்பட்ட ஒவ்வொரு நம்பிக்கையும் தன் பார்வையில் தானே சிறந்தது என்று காணும்படி செய்யும் கோல்களை நேர்மை காக்கும் கோல்கள் என்று சொல்லலாம். லெனார்ட் சாவேஜ் 1971இல் இவற்றின் பொது இலக்கணத்தை விரிவாக ஆராய்ந்தார். ஜாய்ஸே 2009இல் எழுதிய இரண்டாவது கட்டுரையில் இந்தப் பண்பின் பக்கம் சாய்ந்தார். அதே ஆண்டு பிரெட் என்பவரும் அவருடன் எழுதிய சிலரும், இந்தப் பண்பும் தொடர்ச்சியும் உள்ள எந்தக் கோலைக் கொண்டு கூற்றுவாரியாகத் தண்டத்தைக் கூட்டினாலும் தேற்றம் நிலைக்கும் என்று காட்டினார்கள். வர்க்கத்தையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

எனக்கு இந்த விடை பிடித்திருக்கிறது. ஆனால் இதற்குக் கொடுத்த விலையை மறைக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். துல்லியத்தை முதலாக வைக்கும் இந்தச் சிந்தனைப் போக்கு, குறிப்பாக ரிச்சர்ட் பெட்டிக்ரூ அதை வளர்த்திருக்கும் வடிவம், ஒரு பெரிய வாக்குறுதியைத் தருகிறது: உண்மைக்கு நெருக்கமாக இருத்தல் என்ற ஒரே மதிப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், சான்றுக்குத் தக்கபடி நம்ப வேண்டும் என்பது உட்பட மற்ற நெறிகள் எல்லாவற்றையும் அதிலிருந்து நாங்கள் வருவித்துத் தருகிறோம் என்பது அந்த வாக்குறுதி. நாணய வாதத்தைத் திரும்பப் பாருங்கள். நேர்த் தொலைவை நாம் ஏன் தள்ளினோம்? 0.7 என்ற சான்று கையில் இருக்கும்போது 0.7 என்றுதான் நம்ப வேண்டும் என்பது நமக்கு முன்பே தெரியும். அந்தத் தெரிவுக்கு எதிராகப் பேசியதால்தான் அந்தக் கோலை உடைத்துப் போட்டோம். அதாவது சான்றுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற நெறி கோலின் தேர்விலேயே நுழைந்துவிட்டது. வேறு வழியில் வர்க்கத்தை நிறுவப் பெட்டிக்ரூ முயன்றிருக்கிறார் என்பதை அறிவேன். அந்த முயற்சியின் ஒவ்வொரு படியிலும் இதே சாயலைத்தான் பார்க்கிறேன். துல்லியம் என்பது வெறும் தொலைவு என்றால் நேர்த் தொலைவும் தொலைவுதான். சான்றை மதிக்கும் தொலைவு வேண்டும் என்று நாம்தான் கேட்டோம். கேட்டது தவறில்லை, கேட்டோம் என்பதை ஒத்துக்கொண்டால் போதும்.

நேர்மை காக்கும் கோல் ஒன்றே ஒன்று என்றிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க் என்ற பிரிட்டிஷ் சங்கேத உடைப்பு மையத்தில் ஆலன் டூரிங்குடன் பணியாற்றிய ஐ. ஜே. குட், 1952இல் மடக்கைக் (logarithm) கோலை முன்வைத்தார். உண்மையாகிப்போன நிகழ்வுக்கு நீங்கள் எவ்வளவு நம்பிக்கை கொடுத்திருந்தீர்களோ அதன் மடக்கைதான் உங்கள் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். மற்ற நிகழ்வுகளுக்கு எப்படிப் பங்கிட்டீர்கள் என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. இதுவும் நேர்மை காக்கும் கோல்தான். ஆனால் இதுவும் பிரையரின் கோலும் ஒரே ஆளுக்கு மாலை போடுவதில்லை. ஒரு திருட்டு வழக்கில் சந்தேகத்துக்கு உரியவர்கள் மூவர். உண்மையில் திருடியவர் முதலாமவர். ஓர் ஆய்வாளர் 0.5, 0.5, 0 என்று நம்புகிறார். மற்றோர் ஆய்வாளர் 0.48, 0.26, 0.26 என்று நம்புகிறார். மடக்கைக் கோல் முதல் ஆய்வாளரைத் துல்லியமானவர் என்கிறது. உண்மையான திருடருக்கு அவர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறாரே. பிரையரின் கோலில் முதல் ஆய்வாளருக்கு 0.50 தண்டம், இரண்டாமவருக்கு ஏறத்தாழ 0.41. இவ்வளவுக்கும், குற்றமற்ற மூன்றாமவரை முழுதாக விடுவித்தவர் முதல் ஆய்வாளர்தான். மீதமுள்ள பாதியை ஒரே நிரபராதியின் மேல் குவித்தார் என்பதற்காக வர்க்கம் அவரைத் தண்டிக்கிறது. இந்த வழக்கில் என் அனுதாபம் மடக்கையின் பக்கம். ஆனால் சுழியம் கொடுத்த ஒன்று நடந்துவிட்டால் மடக்கைக் கோலில் தண்டம் முடிவிலி. ஆயிரம் கேள்விகளுக்கு அருமையாகப் பதில் சொன்னவர் ஒரே ஒரு கேள்வியில் அகந்தையாகச் சுழியம் சொல்லி உண்மை அங்கே போய் விழுந்தால் அவர் கணக்கு முழுவதும் நாசம். அது தேவைதான் என்று கடுமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு கடுமை வரவில்லை.

வரிசை என்ற ஒன்றை இந்த இரண்டு கோல்களுமே கண்டுகொள்வதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக வெளியிடும் கணிப்பில், மொத்த மழை நீண்டகாலச் சராசரியை ஒட்டியிருக்கும், அதைவிடக் குறையும், மிகக் குறையும், கூடும், மிகக் கூடும் என்று ஐந்து வகைகளுக்கும் தனித்தனியே நிகழ்தகவு கொடுப்பது வழக்கம். அந்த ஆண்டு மழை மிக அதிகமாகக் கொட்டித் தீர்த்தது என்று வைத்துக்கொள்வோம். 'கூடும்' என்ற பக்கத்து வகையில் நம்பிக்கையைக் குவித்தவரும், 'மிகக் குறையும்' என்ற எதிர்க் கோடியில் அதே அளவு குவித்தவரும் பிரையரின் கோலில் ஒரே தண்டம் பெறுவார்கள். வறட்சிக்குத் தயாராகி வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட எவரும் இதை ஒப்பமாட்டார். எட்வர்ட் எப்ஸ்டைன் 1969இல் வகைகளின் வரிசையைக் கணக்கில் எடுக்கும் கோல் ஒன்றைச் செய்தார்; நிகழ்தகவுகளை வரிசைப்படி கூட்டிக்கொண்டே போய் அந்தக் கூட்டுத்தொகைகளை ஒப்பிடுவது அதன் முறை. இதுவும் நேர்மை காக்கும் கோலே. ஆக, எந்தக் கோல் என்ற கேள்விக்கு நேர்மை மட்டும் விடை சொல்லிவிடாது. எந்தப் பிழை எவ்வளவு பெரிய பிழை என்று நாம் கருதுகிறோமோ அது கோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தொட்டுவிட வேண்டும். 2016 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முந்தைய கணிப்புகளில் ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் ஹிலாரி கிளிண்டனுக்கு ஏறத்தாழ 71 விழுக்காடு கொடுத்தது. பிரின்ஸ்டனைச் சேர்ந்த சாம் வாங் 99 விழுக்காடு கொடுத்தார். டிரம்ப் வென்றார். வர்க்கத் தண்டம் முன்னவருக்கு 0.50, பின்னவருக்கு 0.98. மடக்கையில் இடைவெளி இன்னும் பெரிது: 1.24க்கு 4.61. (தாம் சொன்னது பொய்த்தால் பூச்சி ஒன்றைத் தின்பதாக வாங் வாக்குக் கொடுத்திருந்தார். தொலைக்காட்சியில் அதைத் தின்றும் காட்டினார். தண்டத்தை இவ்வளவு கண்கூடாகச் செலுத்தியவர் வேறு எவரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.) இவற்றை வைத்து முதல் கணிப்பு அறிவுபூர்வமானது, இரண்டாவது அப்படியானதல்ல என்று தீர்ப்பு எழுதினால் அது அவசரம். ஒரு நிகழ்வில் கிடைக்கும் தண்டம், நம்பிக்கை அன்றைக்கு உண்மையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. 0.7 நாணயத்தில் பூ விழுந்த அன்று, கண்ணை மூடிக்கொண்டு 0.1 சொன்னவர் நாணயத்தை அறிந்தவரைவிடத் துல்லியமாகிவிடுவார். அன்றைய துல்லியத்துக்கும் நம்பிக்கையின் அறிவுபூர்வத் தன்மைக்கும் நடுவே பாலம் போடுவது எதிர்பார்ப்பு மதிப்புதான். ஹிலரி கிரீவ்ஸும் டேவிட் வாலஸும் 2006இல் அந்தப் பாலத்தின் மேல் நடந்து, புதுச் சான்று வரும்போது பேயஸ் விதிப்படி நம்பிக்கையைத் திருத்திக்கொள்வதே எதிர்பார்க்கத்தக்க துல்லியத்தை உச்சமாக்கும் என்று நிறுவினார்கள்.

அந்தக் கிரீவ்ஸே 2013இல் இந்தக் கட்டடத்தின் அடியில் ஒரு வெடியை வைத்தார். எமிலி என்ற பெண் ஒரு தோட்டத்தில் நடக்கிறாள். அவள் கண்ணெதிரே புல்வெளியில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது. அருகே உள்ள சிறு குடிலுக்குள் இன்னும் பத்துக் குழந்தைகள். அவர்களுக்கு அவள் மனம் தெரியும். எதிரே குழந்தை இருக்கிறது என்று எமிலி முழுதாக நம்பினால் அவர்கள் ஒவ்வொருவரும் வெளியே வரும் வாய்ப்பு சரிபாதி. குழந்தை இல்லவே இல்லை என்று அவள் நம்பினால் அவர்கள் எல்லோரும் உறுதியாக வெளியே வருவார்கள். அவள் நம்பிக்கை இடைப்பட்ட எண்ணாக இருந்தால் அந்த வாய்ப்பும் அதற்கேற்பச் சீராக மாறும். கண்ணை நம்பினால், எதிரே உள்ள குழந்தையைப் பொறுத்துத் தண்டம் இல்லை; ஆனால் பத்துக் குழந்தைகளைப் பற்றியும் 0.5 என்றுதான் நம்ப முடியும், தண்டம் 2.5. கண்ணெதிரே இருப்பதை மறுத்தால் அதற்குத் தண்டம் 1. பத்துக் குழந்தைகளைப் பற்றித் தண்டமே இல்லை. துல்லியம்தான் இலக்கு என்றால் எமிலி கண்ணை மறுக்க வேண்டும்.

குடிலில் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தால் இதன் விபரீதம் இன்னும் தெளிவாகும். மூன்று குழந்தைகள் என்றால் கண்ணை நம்பினால் தண்டம் 0.75, மறுத்தால் 1, நம்பலாம். ஐந்து என்றால் 1.25க்கு 1, நம்பக் கூடாது. சரியாக நான்கு குழந்தைகள் என்றால், சுழியத்திலிருந்து ஒன்று வரை எமிலி எந்த எண்ணை வைத்துக்கொண்டாலும் எதிர்பார்க்கத்தக்க தண்டம் 1தான், அணு அளவும் மாறாது. எதிரே நிற்கும் குழந்தை இருக்கிறதா இல்லையா என்பது எப்படி நினைத்தாலும் ஒன்றுதான் என்ற விஷயமாகிவிடுகிறது, குடிலுக்குள் நால்வர் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்தால்.

ஜேசன் கோனெக்கும் பென் லெவின்ஸ்டைனும் 2019இல் இதற்கு விடை சொல்ல முயன்றார்கள். செயல் உலகத்தை நம் விருப்பத்துக்கு இணங்க வைக்க முயல்வது. நம்பிக்கையோ உலகத்துக்கு இணங்க முயல்வது. ஆகவே நம்பிக்கையை மதிப்பிடும்போது, அந்த நம்பிக்கையால் உலகில் ஏற்படும் மாற்றத்தின் லாபத்தை அதன் கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. ஆனால் எந்த வரவை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று பிரிக்கும் அந்த விதி துல்லியத்தின் கோலில் எங்கும் இல்லை. வர்க்கத்தைக் கேட்டாலும் மடக்கையைக் கேட்டாலும் சொல்லாது. நாணயத்தின் 0.7க்கு மரியாதை கொடுக்கச் சொன்ன அதே நெறிதான் இங்கேயும் எமிலியிடம் கண்ணை நம்பச் சொல்கிறது. அந்த நெறியைத் துல்லியத்திலிருந்து வருவித்துவிட்டதாகச் சொல்பவர்கள், குடிலுக்குள் நான்கு குழந்தைகளை உட்கார வைத்துவிட்டு அந்த வருவிப்பை மறுபடி ஒருமுறை எழுதிக் காட்ட வேண்டும்.